மலையக நீர்த்தேக்கங்களுக்கு எந்த உயிர்காப்பு அங்கி? ஒரு மதிப்பீடு

கடலுக்கென்று செய்த உயிர்காப்பு அங்கியை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் அதன் பாதிக் குணம் மலையேற்றம் தொடங்கும் கடுகண்ணாவையோடு நின்றுவிடும். காசல்ரீ, மவுசாகலை, கிரகரி வாவி போன்ற மலையக நீர்நிலைகளுக்குப் பொருந்துவது நாலைந்து மீற்றர் நீளமுள்ள சிறிய பாய்மரப் படகு. அதில் ஏறுவது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்க மீதி இருப்பது ஒரே ஒருவர்தான். அதனால் அங்கி வாங்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஆளை மிதக்க வைக்குமா? மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்புமா? அதைப் பிடித்து ஒருவர் தனியாக ஆளைப் படகுக்குள் இழுக்க முடியுமா? கடைகளில் முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். உயிர் போவதும் மீள்வதும் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கிறது.

அங்கியின் உட்புற முத்திரையில் ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தர எண்ணும் அதனுடன் 50, 100, 150, 275 என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் மிதப்பு விசை, நியூட்டனில். 50 என்றால் ஏறக்குறைய 5 கிலோ, 100 என்றால் 10 கிலோ தாங்கும். 70 கிலோவுக்கு மேற்பட்டவருக்கான அளவு இது. சிறிய உடம்புக்கான அங்கியில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். தலையை நீருக்கு மேல் வைத்திருக்கச் சராசரி ஆளுக்கு 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் மிதப்புப் போதும் என்பதால், எண் பெரிதாக இருந்தால்தான் நல்லது என்று நினைக்க வேண்டியதில்லை. எண்ணும் முத்திரையும் இல்லாத அங்கியை மட்டும் விலை பார்க்காமலே ஒதுக்கிவிடலாம்.

வாடகைப் படகுகளில் அதிகம் காணப்படுவது செம்மஞ்சள் நிறத்தில் கட்டை கட்டையாக நுரை வைத்துத் தைத்த அங்கி. புதிதாக இருக்கும்போது குறை சொல்ல முடியாது. ஆனால் அதை ஆசனத்தில் போட்டு உட்கார்ந்து, மூட்டையாக அடுக்கி, ஈரத்தோடு பூட்டி வைத்த பிறகு உள்ளே இருப்பது வேறு பொருள். நுரை நசுங்கினால் அதற்குள் இருந்த காற்று போய்விடும், மிதப்பும் அதோடு குறையும். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே மேலே வந்தால் நல்லது. அப்படியே நின்றால் வேறொன்று கேளுங்கள். நறநறவென்று சத்தம் கேட்டால் உள்ளே வைத்திருப்பது பொதி கட்டும் ரெஜிபோம். அது சிறு சிறு துண்டாக உடைந்து கீழே இறங்கி, தோள்பகுதியை வெறும் துணியாக விட்டுவிடும்.

சொந்தமாக வாங்கியதைச் சோதிக்க ஒரு தண்ணீர் பீப்பாயும் மரக்கறிக் கடையின் 5 கிலோ இரும்புப் படிக்கல் இரண்டும் போதும். இரும்பு தண்ணீருக்குள் தன் நிறையில் ஏழில் ஒரு பங்கை இழக்கும். 5 கிலோ படி உள்ளே 4.3 கிலோ போல்தான் இழுக்கும். பெரியவருக்கான 50 அங்கியில் ஒரு படியைக் கட்டி நீரில் விட்டால் அது மிதந்தே ஆக வேண்டும். 100 அங்கி இரண்டு படியையும் சிரமமில்லாமல் தாங்க வேண்டும். ஓர் இரவு முழுதும் அப்படியே விட்டு, காலையில் வடித்து நிறுத்துப் பாருங்கள். துணி குடித்த ஈரத்துக்கு மேல் நிறை கூடியிருந்தால் நுரையே தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம்.

50 வகை மெல்லிய மேற்சட்டை கயாக் ஓட்டவும், கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறவும் மிக வசதி. கை வீச்சு தடைப்படாது. கித்துல்கலவில் நுரைத்துப் பாயும் ஆற்றில் படகோட்டுபவர்கள் போடும் அங்கிகள் தோற்றத்தில் இதைப் போலவே இருந்தாலும், கலங்கி ஓடும் நீருக்காக அவற்றில் மிதப்புக் கூடுதலாக இருப்பதுண்டு. மேற்சட்டையின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: நினைவு தப்பியவரை அது புரட்டிப் போடாது. பாயின் கீழ்த்தடி தலையில் அடித்து விழுபவருக்கு இது உதவாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு, கரையில் இருந்து ஆள் பார்க்கும் இடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போகிற 150 வகை, தானாக ஊதும் அங்கி. கழுத்தில் ஒரு பட்டை போல் கிடக்கும். நீரில் விழுந்ததும் 33 கிராம் காபனீரொட்சைட்டு உருளை துளைக்கப்பட்டு நொடிகளில் பை நிரம்பும். முகத்தை மேலே திருப்புவதில் பெரும்பாலான நுரை அங்கிகள் இதை நெருங்காது. கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய பாய்க்கப்பலுக்கு வாங்குவதானால் இதைத்தான் சொல்வோம். மலைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

பல அங்கிகளில் உருளையைத் துளைக்கும் ஊசியைப் பிடித்து வைத்திருப்பது நீரில் கரையும் சிறிய வில்லை. யூஎம்எல் என்ற நிறுவனத்தின் ஊதும் பொறியில் அது மாற்றிப் போடும் ஒரு சிறு துண்டு. அதன் மீது காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். வில்லைக்குத் தெரிந்தது ஈரம் மட்டுமே. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் துணி மூன்று நாளானாலும் காயாது. அந்தக் காற்றில் தொங்கும் வில்லையும் மெல்ல மெல்ல இளகும். பிறகு ஒரு நாள் அலுமாரிக்குள்ளேயே அங்கி ஊதிவிடும். அதுகூடப் பரவாயில்லை, மாற்று வில்லையும் உருளையும் ஹட்டன் கடைத்தெருவில் தேடி எடுக்கிற சாமான் அல்ல. இவை வரும் வரை அங்கியில் காற்று இல்லை, அந்த இடைவெளியில் அதை மாட்டிக்கொண்டு போகிறவருக்கு அது தெரிவதும் இல்லை. ஹமார் என்ற இன்னொரு வகைப் பொறியில் வில்லை கிடையாது. சுமார் 10 சென்ரிமீற்றர் நீரின் அழுத்தம் வந்தால்தான் திறக்கும். மழைக்கும் மூடுபனிக்கும் அது அசையாது, விலைதான் கூட. ஊதும் அங்கிதான் வேண்டும் என்று நிற்பவர் இதை எடுக்கட்டும்.

சிறு படகு கவிழ்வது வழக்கம். ஒவ்வொரு கவிழ்வுக்கும் ஒரு உருளை போகும். நெஞ்சில் ஊதிய பையை வைத்துக்கொண்டு படகின் விளிம்பில் வயிற்றைப் போட்டு ஏறவும் முடியாது. கவிழ்ந்த பாய்க்கு அடியில் அகப்பட்டால் மூழ்கி வெளியே வரவும் முடியாது. இன்னொன்று, குளிருக்கு நம் ஆட்கள் அங்கிக்கு மேலே மழைக்கோட்டுப் போடுவார்கள். உள்ளே பை ஊதினால் கோட்டு விரியாது, நெஞ்சைத்தான் நெரிக்கும். ஊதும் அங்கி எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலேயே இருக்க வேண்டும்.

ஏற்கனவே வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது: உருளையைக் கழற்றி, அதன் மேல் பொறித்திருக்கும் மொத்த நிறையோடு சமையலறைத் தராசில் ஒப்பிட்டுப் பார்ப்பது, 2 கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்றுவது, திரும்பக் கையால் இறுகப் பூட்டுவது. கொஞ்சம் தளர்ந்த உருளைதான் ஊதாமல் போகும் அங்கிகளில் அடிக்கடி காணும் பிழை. பிறகு வாய்க்குழாயால் ஊதி 24 மணி நேரம் விட வேண்டும். நுவரெலியாவில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மத்தியானம் ஊதிய பை, இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால் தொய்ந்து நிற்கும். அது ஓட்டை அல்ல. மறுநாள் அதே மத்தியான நேரத்தில் பார்த்துத் தீர்மானியுங்கள். உயரமான இடத்தில் உருளை போதுமா என்ற பயம் மட்டும் வேண்டாம். வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே வாயு இங்கே கூடுதலாகவே விரியும்.

எங்கள் தெரிவு, கழுத்துப் பட்டையும் தொடைப்பட்டியும் உள்ள 100 வகை நுரை அங்கி. பருமனாக இருக்கும், வெயிலில் வியர்க்கும், படம் எடுத்தால் அழகாக இராது. ஆனாலும் வில்லை, உருளை, திகதி எதுவும் இல்லை. அமைதியான நீரில் பெரும்பாலானவர்களின் முகத்தைத் திருப்பிவிடும், தடித்த உடுப்புக்குள் காற்று அடைபட்டிருந்தால் மட்டும் தாமதிக்கும். 15 பாகை செல்சியஸுக்குக் குறைந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்பாட்டில் இழுக்கும், முதல் ஒரு நிமிடம் அதை அடக்க முடியாது. மார்கழி, தை மாத அதிகாலைகளில் அந்த ஒரு நிமிடத்தைக் கடத்துவதற்குக் கையை அசைக்கத் தேவையில்லாத மிதப்பு வேண்டும். நெஞ்சைச் சுற்றியிருக்கும் நுரை உடல் சூட்டையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தோள்பட்டை. 40 மில்லிமீற்றர் அகலப் பட்டி, அங்கியின் முன்பக்கத்தில் இருந்து தோளைத் தாண்டிப் பின்பக்கம் வரை ஒரே துண்டாக ஓடி, பெட்டியும் குறுக்குக்கோடுமாகத் தைத்திருக்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது முழுப் பாரமும் விழுவது அங்கேதான். துணியில் மட்டும் ஒட்டவைத்துத் தைத்த பட்டி கையோடு வந்துவிடும். போட்டுப் பார்த்து, பட்டிகளை இறுக்கி, கைகளை மேலே தூக்கி, இன்னொருவரைத் தோளில் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதைத் தொட்டால் அளவு பெரிது. பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காமல் நிறையைப் பார்த்து எடுங்கள், தொடைப்பட்டி இல்லாமல் படகில் ஏற்றவே வேண்டாம். சேலை கட்டியவருக்குத் தொடைப்பட்டி சரிவராது. அப்போது இடுப்புப் பட்டியை இடுப்பெலும்புக்கு மேல் நன்றாக இறுக்கி, கூடியவரை கரையோரமாகவே ஓடுவது நல்லது.

அங்கிக்கு அடுத்தபடி வாங்க வேண்டியது எறிகயிற்றுப் பை. 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பில், 15 முதல் 20 மீற்றர் நீளத்தில், மிதக்கும் பொலிப்புரோப்பிலீன் கயிறு. ஹாட்வெயார் கடையில் நைலோன் கயிறு என்று தருவது மிதக்குமா என்று ஒரு துண்டை வாளியில் போட்டுப் பாருங்கள். உண்மையான நைலோன் அமிழும். கயிற்றின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு பையை ஆளின் தலைக்கு மேலால் அப்பால் போகும்படி எறிய வேண்டும், கயிறு அவர் தோளில் விழும். முதல் எறி தவறினால் கயிற்றைத் திரும்பப் பைக்குள் அடைக்க நேரம் போக்காதீர்கள். கயிற்றை இழுத்துக் காலடியில் விட்டு, பைக்குள் தண்ணீர் மொண்டு, அந்தப் பாரத்தோடு மீண்டும் எறியுங்கள். பிடிப்பவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது.

படகைத் திருப்பும் வேலைக்கு வருவோம். விழுந்ததும் “ஆள் தண்ணியில!” என்று கத்தி, மூன்றாமவர் இருந்தால் விரல் நீட்டிக்கொண்டே இருக்கட்டும், கண்ணை எடுத்தால் அலையில் ஒரு தலையைத் தேடுவது கடினம். முன்பாயைத் தளர்த்திவிட்டு, காற்றுப் பக்கவாட்டில் வரும்படி ஐந்தாறு படகு நீளம் ஓடுங்கள். முகப்பைக் காற்றுக்குள் வெட்டித் திருப்புங்கள். பின்பக்கத்தால் பாயை வீசித் திருப்பினால் கீழ்த்தடி அடுத்தவரையும் தட்டிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் கீழ்க்காற்றுப் பக்கமாக, அதாவது காற்று போகும் பக்கமாக இறங்கி, காற்றை நோக்கிச் சாய்வாக ஏறி வந்து, பாயைத் தளர்த்தி நிறுத்த வேண்டும். ஆள் காற்று வரும் பக்கத்தில், பாய்மரத்தின் பக்கக் கம்பியருகே வந்து சேரவேண்டும். மறுபக்கம் வந்தால் படகு அவர் மேல் தள்ளப்படும், இழுக்கும் பாரத்தில் பாயும் அவர் மேல் சாயும்.

புத்தகத்தில் இது ஒழுங்காக இருக்கும். மலை இடுக்கில் காற்று ஒரு திசையில் நில்லாது. முனையைத் தாண்டியதும் எதிர்ப்பக்கத்தில் இருந்து அடிக்கும். பாயைப் பார்க்காமல் ஆளைச் சுற்றியுள்ள நீரின் சிற்றலையைப் பார்த்து ஏறுங்கள். இரண்டாவது முயற்சியும் பிழைத்தால் பாயை இறக்கிவிட்டுத் துடுப்பால் போவதே மேல். அதனால் இரண்டு துடுப்பு எப்போதும் படகில் கட்டியிருக்க வேண்டும். இயந்திரம் இருந்தால் ஆள் கைக்கெட்டும் முன்பே முழுதாக நிறுத்துங்கள், கியரை விடுவித்தது போதாது. நீர்மட்டம் இறங்கிய காலத்தில் மவுசாகலையில் கரை அருகே என்று நம்பி இறங்கவும் வேண்டாம். பழைய மஸ்கெலியா நகரமே அதற்குள் கிடக்கிறது. வறட்சியில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் மேலே தெரியும். தெரியாத கட்டைகளும் முழங்கால் சேறும் அவற்றைச் சுற்றி இருக்கும்.

தூக்கும்போது ஆளின் முகம் படகைப் பார்த்திருக்கட்டும். இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து ஒரு தரம் மெல்லக் கீழே அமுக்குங்கள். அங்கி அவரை மேலே தள்ளும் அந்தக் கணத்தில் பின்னால் சாய்ந்து இழுத்தால் வயிறு விளிம்பில் வந்து விழும், பிறகு கால்களை உள்ளே உருட்டலாம். சோர்ந்துபோனவரை இப்படி இழுக்க முடியாது. அதற்கு நாலு மீற்றர் கயிறு இரண்டு வேண்டும். ஒரு முனையைப் படகின் உள்ளே கட்டி, கயிற்றை அவரின் நெஞ்சுக்கு அடியாலும் தொடைக்கு அடியாலும் கொடுத்து, மறுமுனையை மேலே இழுத்தால் ஆள் உருண்டு ஏறுவார். கைக்கு வரும் பாரமும் பாதியாகும். குளிரில் நெடுநேரம் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்காமல் இப்படிக் கிடையாக எடுப்பதே பாதுகாப்பு. நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். தானே ஏறக்கூடியவருக்குப் பட்டியில் ஒரு கால்வளையம் போதும். அதைப் பக்கவாட்டில் கட்டினால் கால் படகுக்கு அடியில் போய் உடம்பு பின்னால் மல்லாக்கும். பின்பலகையில் கட்டி, வளையத்துக்குள் ஒரு துண்டு தோட்டக் குழாயைச் செருகினால் வாய் திறந்தே நிற்கும்.

ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த துணியால் சுற்றுங்கள், கைகால்களைத் தேய்க்க வேண்டாம். சூடேற்ற என்று ஒரு மிடறு சாராயம் கொடுத்தால் தோலுக்கு இரத்தம் ஓடி உள்ளே சூடு இன்னும் குறையும். தெளிவாகப் பேசுகிறவருக்குச் சீனி போட்ட பிளேன்ரீ கொடுக்கலாம். தண்ணீர் குடித்து இருமுகிறவரை, நன்றாயிருக்கிறேன் என்று அவர் சொன்னாலும், 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

அங்கியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், தோளில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். மழை மாதத்தில் துணி காயவைப்பது போல அடுப்புக்கு மேலே கட்ட வேண்டாம். சூட்டில் நுரை சுருங்கிக் கட்டியாகிவிடும். காற்றோட்டமுள்ள விறாந்தையில் நாலு நாள் தொங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.