குஞ்சு வாங்கும் முன்னால் அந்தச் சிவப்பு பல்பைத் தொட்டுப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் வீட்டில் நாலு கோழி வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கார்த்திகை மழையில் 40 குஞ்சு வாங்கினேன். மூன்றே ராத்திரியில் 17-ஐக் குழிதோண்டிப் புதைத்தேன்.

மைக் கட்டிய குட்டியானை வண்டி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. "அசல் நாட்டுக்கோழிக் குஞ்சு, 20 நாள் ஆச்சு, ஊசி எல்லாம் போட்டாச்சு." ஒன்று 80 ரூபாய். மழை நேரத்தில் தள்ளக்கோழி (தாய்க்கோழி) இல்லாமல் எப்படி என்று தயங்கினேன். உடனே வண்டிக்காரர் ஒரு பிளைவுட் பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே சிவப்பு பல்பு, நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாள். "அக்கா, இது ஹீட்டர் பெட்டி. இதுக்குள்ள விட்டா தள்ளக்கோழி தோத்துப் போவும்." பெட்டி 1,800. மொத்தம் 5,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

முதல் ராத்திரி முழுக்கக் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. புது இடம், அதனால்தான் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. மேலே இருந்தவற்றை விலக்கினேன். அடியில் ஐந்து, நசுங்கி, ஈரத்துணி மாதிரி சில்லிட்டுக் கிடந்தன. என் மகள் அதைப் பார்த்து அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி வந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மக்களே, இதுல சூடு எங்க கெடக்கு?" ராத்திரி முழுக்க எரிந்த பல்பை அப்போதுதான் தொட்டேன். கண்ணாடிப் பக்கத்தில் சூடே இல்லை. கழற்றிப் பார்த்தால் அடியில் 9 வாட் என்று அச்சடித்திருந்தது. சாதாரண எல்.இ.டி. பல்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும். குஞ்சுக்குத் தேவையான அனல் அதில் வராது. பழைய குண்டு பல்புதான் சூடு தரும், குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 40 குஞ்சுக்கு 80 வாட் வேண்டிய இடத்தில் எனக்குக் கிடைத்தது அந்த 9.

மிச்சமிருந்ததில் இரண்டைக் கூடையில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இறக்கையை விரித்துக் காட்டினார். வெறும் பஞ்சு, சிறகே முளைக்கவில்லை. "20 நாளா? ஒரு வாரம்கூட ஆகியிருக்காதும்மா" என்றார். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம் என்றார். நம்ம ஊரில் என்ன பெரிய குளிர் என்று நாம் நினைக்கிறோம். நமக்கு இதமாக இருக்கிற 23 டிகிரி, சிறகில்லாத குஞ்சைக் கொன்றுவிடும்.

ஊசி போட்டதாகச் சொன்னதையும் நம்ப வழியில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள், ஊசி போடுவது எட்டாவது வாரத்தில்தான்.

பிளாஸ்டிக்கை மேல்பக்கம் ஒரு சாண் கிழித்துவிட்டேன். உள்ளே காற்றுப் போகாமல் மூச்சும் எச்சமும் சேர்ந்து வேர்த்து, உமி முழுக்க நனைந்து, மூக்கைத் துளைக்கிற நாற்றம். ஈர உமியில் கிடந்தால் ரத்தக்கழிச்சல் வரும் என்று டாக்டர் சொன்னதால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த உமி போட்டேன். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டேன். அரைமணி நேரத்தில் கத்தல் நின்றுவிட்டது. பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. கரண்ட் போன ராத்திரிகளில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன்.

23 குஞ்சு பிழைத்தது. வண்டிக்காரர் கொடுத்த நம்பர் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் இறக்கையை விரித்துப் பாருங்கள். பல்பைப் பத்து நிமிஷம் எரியவிட்டுப் பக்கத்தில் கையைக் காட்டுங்கள். போன வாரம் அருமனைப் பக்கம் அதே மைக் சத்தம் கேட்டதாக என் நாத்தனார் சொன்னாள்.