டத்தோ பெயரில் வந்த வாட்ஸ்அப்: வங்கி ஊழியர்கள் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டர் ஊழியராக இருக்கும் என் தங்கையிடமிருந்து, அவ்வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியைப் போல நடித்த ஒருவன் 6,800 ரிங்கிட்டைப் பறித்துவிட்டான். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கவுன்டரை மூடிவிட்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாலை வேளையில் அவளுடைய கைப்பேசிக்கு மலாயில் ஒரு செய்தி வந்தது. முகப்புப் படத்தில் இருந்தவர், வங்கியின் ஆண்டறிக்கையில் அவள் பார்த்திருந்த, ‘டத்தோ’ என்ற உயர் பட்டம் பெற்ற அதே தலைமைச் செயல் அதிகாரி. அவளைப் பெயர் சொல்லி விளித்து, கிளை மேலாளரின் பெயரையும் சரியாகக் குறிப்பிட்டு, தாம் கூட்டத்தில் இருப்பதால் அழைக்க வேண்டாம் என்றும், முக்கிய வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாகச் சேர வேண்டிய தொகையை அவளுடைய சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினால் மறுநாள் காலையே திருப்பித் தரப்படும் என்றும், விஷயம் இரகசியமானது என்பதால் மேலாளரிடமும் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருந்தான். முதலில் 1,800, அடுத்து 5,000. இரண்டுமே ஒரு தனிநபர் கணக்குக்குப் போயின. மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்பதற்கு உறுதியான விடை எங்களிடம் இல்லை. ஆனால் கிளையின் தீபாவளி விருந்துப் படம் முகநூலில் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது; அதில் ஒவ்வொருவர் சட்டையிலும் பெயர்ப்பட்டை பளிச்சென்று தெரிகிறது.

“வங்கியில் வேலை பார்ப்பவளே ஏமாறலாமா?” என்று கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. பெல்ஜியத்தின் கிரெலான் வங்கியே இத்தகைய மோசடியில் சுமார் 7 கோடி யூரோவை இழந்தது 2016இல் தெரியவந்தது. 2024இல் ஹாங்காங்கில் ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரிகளின் போலி உருவங்களைக் கண்டு நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். தோட்ட மேலாளரான துரை சொன்னால் கேள்வி கேட்காமல் செய்தே பழகிய தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, ஒரு டத்தோவிடம் “உங்களைத் திரும்ப அழைத்து உறுதிப்படுத்திக்கொள்கிறேன்” என்று சொல்ல எளிதில் வாய் வராது. மோசடிக்காரன் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்து, போலீஸ் புகாரும் செய்தோம். அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறியிருந்தது. அதைவிட என்னை வருத்தியது வங்கியின் போக்கு. சொந்தப் பணம் என்பதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்ததோடு, சக ஊழியர்களிடம் இதைப் பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சில வாரங்களில் பக்கத்து ஊர்க் கிளையில் ஒரு பெண்ணுக்கும் அதே படத்துடன் செய்தி வந்தது. முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் அவர் தனியாகத் தவித்திருக்க மாட்டார்.

ஆகவே, எவ்வளவு பெரிய பதவியின் பெயரில் கேட்டாலும், செய்தி வந்த எண்ணை விட்டுவிட்டு, அலுவலகத் தொலைபேசியில் தலைமையகத்தை அழைத்துக் கேளுங்கள். போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தேடலாம். ஆனால் இதுவரை எவரும் புகார் செய்யாத கணக்கு அதில் தென்படாது என்பதால், பதிவு இல்லையென்று நம்பி அனுப்பிவிடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே 997ஐ அழையுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.