கரையான் தின்ற ஒத்தவாக்கிய அகராதி: 16 வருட அனுபவம்

பைபிளில் ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் புத்தகம்தான் ஒத்தவாக்கிய அகராதி. என்னுடையது போன வாரம்தான் பாளையங்கோட்டை பைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்தது. முதுகுக்குப் புதுத் துணி, 180 ரூபாய். ‘அக்கினி’யிலிருந்து ‘அடைக்கலம்’ வரைக்கும் கரையான் கொண்டுபோய்விட்டது, அதற்கு பைண்டர் என்ன செய்வார்? அன்று ராத்திரியே எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளில்) புதிதாகப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்திருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: “அண்ணாச்சி, இத வாங்கலாமா? போன்லயே தேடிக்கிடலாம்லா?”

ஐயர், அதாவது போதகர், வராத ஞாயிறுகளில் எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சில்) பிரசங்கம் என் பாடு. அப்படி 16 வருடம் இந்தப் புத்தகத்தோடு ஓடியிருக்கிறது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லூக்கா 15, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் இளைய மகனான கெட்ட குமாரன் கதை. போனான், கெட்டான், வந்தான் என்று மூன்று தலைப்பையும் சபையே எடுத்துக் கொடுக்கும். ஒருமுறை அலுத்துப்போய் ‘முத்தஞ்செய்தான்’ என்ற சொல்லை இதில் தேடினேன். ஆதியாகமம் 33:4 வந்தது. அண்ணன் ஏசா ஓடிவந்து, தம்பி யாக்கோபின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தஞ்செய்கிறான். லூக்காவிலும் அதே ஓட்டம், அதே கழுத்து, அதே முத்தம். ஆதியாகமத்திலும் தூர தேசம் போய்த் திரும்புகிறவன் இளையவன்தான். ஆனால் அங்கே ஓடிவந்தது ஏமாற்றப்பட்ட அண்ணன். இயேசு சொன்ன கதையில் அண்ணன் வீட்டுக்குள்ளேயே வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறான், ஓடுவது தகப்பன். அந்த வாரம் மூன்று தலைப்பையும் அடித்துவிட்டு, ‘ஓடியது யார்?’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு முழுப் பிரசங்கத்தையும் கட்டினேன். போனில் இது கிடைக்காதா என்றால், கிடைக்கும். அந்தச் சொல்லை அடிக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். இந்தப் புத்தகம் ஒரு வசனத்தையும் முழுசாகத் தராது, அரை வரிதான். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அந்த அரை வரிகளே போதும் என்று ஆகிவிடும். தலைப்புக்கு நாலு வசனம், மூன்று தலைப்புக்குப் பன்னிரண்டு. வரிசையாக வாசித்தாலே இருபது நிமிடம் ஓடிவிடும். அன்றைக்குக் குறித்த வேதபகுதி தோரணம் கட்டின கம்பம் மாதிரி ஓரமாய் நிற்கும்.

ஒரு வருடப்பிறப்பு ஆராதனைக்கு ‘முடிவு’ என்ற சொல்லில் எரேமியா 29:11ஐப் பிடித்தேன். “எதிர்பார்த்திருக்கும் முடிவை”. வருடப்பிறப்புக்குக் கொடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டைக்கு அளவெடுத்தது போல் இருந்தது. இந்த வருடம் வீடு, வேலை, கலியாணம் என்று அடுக்கினேன். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் ஒரு பெரியவர் பைபிளைத் திறந்து காட்டினார். “தம்பி, மேல் வசனத்துல எழுவது வருஷம் கழிச்சுன்னுல்லா போட்டிருக்கு? எனக்கு இப்பவே எழுவத்தி நாலு.” பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், சீக்கிரம் திரும்பமாட்டீர்கள் என்பதுதான் அதில் செய்தி. பத்தாம் வசனத்தை நான் பார்க்கவே இல்லை.

தப்பு என்னுடையதுதான், புத்தகம் அரை வரி என்று ஒளிக்காமல்தான் தருகிறது. அதிகாரத்தை நாலைந்து தடவை வாசித்து, யார் யாரிடம் எப்போது பேசுகிறார் என்று நோட்டில் எழுதி, சொல்ல வேண்டியது ஒரே வாக்கியமாகத் திரண்ட பிறகு கடைசியில் திறக்க வேண்டியது இது. தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை கை நேரே இதற்குத்தான் போகிறது.

அதனால் தம்பிக்கு, “வாங்காதே, முதலில் ரெண்டு வருஷம் வெறும் பைபிளோடு மல்லுக்கட்டு” என்று பதில் போட்டேன். “அப்பொ உங்களுதைக் கொஞ்ச நாள் தாங்களேன்” என்கிறான். பைண்டிங் பசை இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.