6 அடி லேடெக்ஸ் மெத்தையை ஹட்டனிலிருந்து வெலிமடைக்குக் கொண்டுபோன அனுபவம்

எங்கள் மெத்தை 78க்கு 72 அங்குலம், 6 அங்குலத் தடிப்பு, முழுக்க லேடெக்ஸ், அதாவது றப்பர் பால் நுரை. எடை கிட்டத்தட்ட 40 கிலோ. வீடு மாறி மூன்று வருசம் தாண்டிவிட்டது, இன்றைக்கும் நடுவில் பள்ளமோ ஓரத்தில் வெடிப்போ இல்லை. பெரிய மெத்தை வைத்திருக்கிறவர்கள் வீடு மாறும்போது என்னிடம் கேட்பதால், அன்றைக்குச் செய்ததையும் அதற்குப் பிறகு கண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மலையகத்தில் மெத்தையைக் கெடுப்பது பாதையின் குலுக்கல் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை குலுக்கலால் கெட்டுப்போன மெத்தை ஒன்றுகூட இல்லை, ஈரத்தாலும் மடிப்பாலும் கெட்டவைதான் நிறைய. பக்கத்து வீட்டில் தும்பு மெத்தையை இரண்டாக மடித்து வேனுக்கு மேலே கட்டிக்கொண்டு போனார்கள். றப்பர் பால் தெளித்து ஒட்டிய தும்பு மடித்த கோட்டில் விட்டுப்போய், புது வீட்டில் படுத்த முதல் நாளே முதுகில் வரப்பு மாதிரித் தெரிந்ததாம். ஸ்பிரிங் மெத்தையை மடித்தால் சுற்றிவர உள்ள ஓரக் கம்பி வளைந்துவிடும், அதைப் பிறகு நிமிர்த்தவே முடியாது. லேடெக்ஸ் மடிப்பைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கு வேறு வருத்தம்: உறையோடு சேர்த்துப் பிடிக்காமல் லேடெக்ஸையே கையால் பிடித்து இழுத்தால் அதிலுள்ள துளை வழியே கிழியும். கிழியத் தொடங்கினால் நிற்காது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டி. டிமோ பட்டா என்கிற சின்ன லொறிக்கு வாடகை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அதன் பெட்டி 7 அடிக்குச் சற்று மேல் நீளம், 5 அடிக்கும் குறைந்த அகலம். 6 அடி மெத்தை அதில் படுக்கையாக இறங்காது, 5 அடி மெத்தைகூட மயிரிழையில் இடிக்கும். அப்புறம் சரித்து வைத்து, மேலே தறப்பாள் போட்டு, பாதி வெளியே நீட்டிக்கொண்டு போவதுதான் நடக்கும். நான் 10 அடிக்கு மேல் பெட்டி உள்ள மூடிய லொறியைத்தான் பிடித்தேன். வாடகை கூடத்தான், ஆனால் புது மெத்தை ஒன்றின் விலையை நினைத்தால் அது பெரிய காசு இல்லை.

அப்புறம் நாள். நாங்கள் மாறியது ஜூலையில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை விடாது, அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை இருக்கிற ஊவாவில் வெயிலும் காய்ந்த காற்றும். ஒரே பயணத்தில் இரண்டையும் சந்திக்க வேண்டும். தூறலில் ஏற்றி, நானுஓயா தாண்டி 1868 மீற்றர் உயர நுவரெலியாவின் குளிரில் ஏறி, ஹக்கல இறக்கத்தில் இறங்கினால் வெலிமடையில் புழுதி பறக்கிறது. வீட்டுச் சூட்டில் இருந்த மெத்தையை வெறும் பொலித்தீனில் இறுக்கி மூடிக் குளிருக்குள் கொண்டுபோனால் உள்பக்கம் வேர்த்துவிடும். அதற்காக முதலில் பழைய பருத்தி விரிப்பு இரண்டைச் சுற்றி, அதற்கு மேல்தான் பொலித்தீன் போட்டோம். கடையில் சாமான் சுற்றித் தரும் மெல்லியதை நம்ப வேண்டாம், கதவுக் கொண்டியில் பட்டாலே கிழியும். நுவரெலியா மரக்கறிக்காரர்கள் கூடாரத்துக்குப் போடுகிற தடித்த பொலித்தீன் விவசாயக் கடைகளில் மீற்றர் கணக்கில் கிடைக்கும், அதுதான் சரி. மூட்டுகளுக்கு அகலமான டேப்.

தூக்குவதுதான் உண்மையான வேலை. லேடெக்ஸ் நிமிர்ந்து நிற்காது, நடுவில் தொய்ந்து தூக்குகிறவன் கால்மேலேயே விழும். கட்டிலை எப்படியும் கழற்றத்தானே போகிறோம், அதன் பக்கப் பலகைகள் இரண்டையும் மெத்தையின் இரு பக்கமும் வைத்து, பழைய சேலையைக் கிழித்து நான்கு இடத்தில் கட்டினோம். நைலோன் கயிறு வேண்டாம், இறுக்கினால் லேடெக்ஸில் தடம் பதியும், இறுக்காவிட்டால் வழுக்கும். சேலைத் துணி அகலமாக இருப்பதால் வெட்டாமல் பிடிக்கும், தூக்கவும் கைப்பிடி கிடைக்கும்.

எங்கள் பழைய வீடு பாதைக்கு மேலே, புது வீடு பாதைக்குக் கீழே. இரண்டிலும் படி. இறங்கும்போது உயரமானவர் கீழ்ப்பக்கம் நின்று தன் முனையை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுக்க அவர்மேல் சரியும். நடுவில் ஒருவர் கட்டாயம். இரண்டு பேர் போதும் என்று வந்த தம்பிமார் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெலிமடையில் லொறிக் கதவைத் திறந்ததும் அடித்த காற்றில் அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் மெத்தை ஆட்களையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

லொறிக்குள் படுக்கப் போட்டு மேலே சாமான் அடுக்கலாம் என்று சாரதி சொன்னார். “வேணாம் அண்ணே, இது மேல ஒண்ணும் வைக்க வேணாம், ஓரமா நிமித்தியே வைப்போம்” என்றேன். பக்கச் சுவரோடு நீளவாக்கில் நிறுத்தி, அடுத்து ஒரு கம்பளி, அதற்கடுத்து அலுமாரியின் தட்டையான முதுகு. வளைவுக்கு வளைவு சாமான் சாய்கிற பாதையில், மேசைக் காலோ கட்டில் மூலையோ மெத்தையைப் பார்த்து இருந்தால் கிழிசல் நிச்சயம். இப்படி நிறுத்தி வைப்பது சில மணி நேரத்துக்குத்தான். வீட்டு வேலை முடியவில்லை என்று நாள்கணக்கில் நிமிர்த்தி வைத்தால் லேடெக்ஸ் தன் பாரத்திலேயே அடிப்பக்கம் நசுங்கி உருக்குலையும்.

இறக்கியதும் முதல் வேலையாகப் பொலித்தீனைப் பிரித்தோம், தேநீர்கூட அதற்குப் பிறகுதான். விரிப்பு லேசாக ஈரமாயிருந்தது, மெத்தை காய்ந்தே இருந்தது. யன்னலைத் திறந்து நிழலில் காற்றாட விட்டோம். நேர் வெயிலில் போடக் கூடாது, வெயில் பட்டால் றப்பர் பால் மஞ்சளாகி மொறுமொறுத்து உதிரும்.

இந்த மூன்று வருசத்தில் செய்தது கொஞ்சம்தான். சில மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புகிறோம். சீமெந்துத் தரையில் ஒருநாளும் போடவில்லை. கட்டிலில் முழுப் பலகை அடிக்காமல் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்திருப்பதால் அடியில் காற்றோடுகிறது, பூஞ்சணம் பிடிக்கவில்லை. உறையின் ஒரு மூலையில் தையல் விட்டது, கையால் தைத்துவிட்டேன். படுக்கிற இடம் கொஞ்சம் மெத்தென்று ஆகியிருக்கிறது, அது லேடெக்ஸின் சுபாவம், முதுகு வலி இல்லை. அந்தத் தடித்த பொலித்தீனை மடித்து வைத்திருந்தேன், போன வருசம் தங்கச்சி பண்டாரவளைக்கு மாறும்போது அவளுடைய ஸ்பிரிங் மெத்தைக்கும் அதுவே போதுமாயிருந்தது.