லேண்ட் ரோவர் 110 பின் ஹப் கிட்: பேரிங் பரவாயில்லை, சீலைப் பார்த்து வாங்குங்கள்

கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் பழைய 110க்குப் பின் ஹப் கிட் (பின் சில்லு சுழலும் நடுக்குடத்துக்கான பேரிங், சீல் செட்) கேட்டால் இரண்டு விதமாக எடுத்து வைப்பார்கள். ஒன்று டிம்கன் பேரிங் போட்ட செட். மற்றது கம்பெனிப் பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி. விலையைக் கேட்டதும் கை இரண்டாவது பக்கம்தான் போகும். 1983இல் வந்து, 1990இல் டிபெண்டர் என்று பெயர் மாறிய அந்த வரிசையில், பின் சில்லுக்கு ட்ரம் பிரேக் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும் இந்தக் குறிப்பு.

பெட்டிக்குள் ஒரு பக்கத்துக்கு இரண்டு டேப்பர் பேரிங், ஒரு ஒயில் சீல், லொக் வாஷர், ட்ரைவ் பிளேஞ்ச் (ஆக்சில் ஷாப்டை ஹப்போடு இணைக்கும் தட்டு) காஸ்கட் இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே பேரிங்தான். இரண்டு பக்கமும் செய்ய நான்கு வேண்டும். வெள்ளைப் பெட்டிப் பேரிங்கை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. கோனிலும் (ரோலர் உள்ள உள் வளையம்) கப்பிலும் (ஹப்பில் உட்காரும் வெளி வளையம்) எண் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, கழுவிவிட்டுச் சுற்றினால் கரகரக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிட்டுப் புதுக் கோனை மட்டும் போடும் சிக்கனம் வேண்டாம். பழைய கப்பின் தேய்மானம் புது ரோலரைச் சீக்கிரமே தின்றுவிடும்.

மலிவுக் கிட் காலை வாருவது சீலில். உதட்டு றப்பர் விறைப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் மெதுவாகத்தான் திரும்பும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல சீல் தனியாக வாங்குங்கள். டிப்ரன்ஷல் ஒயில் ஆக்சில் வழியாக ஹப்புக்கு வந்துவிட்டால், ட்ரம்முக்குள் போகாமல் தடுக்க அந்த ஒரு றப்பர் உதடுதான் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது ஒரு பக்க ஷூ ஒயிலில் ஊறியிருந்தால், பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். ஊறிய ஷூவைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் போடும் மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். சூடேறியதும் உள்ளே குடித்த ஒயில் மறுபடி கசியும். இரண்டு பக்கத்துக்கும் நான்கு ஷூவும் மாற்றியே ஆக வேண்டும். கிட்டில் ஷூ வராது, அதற்கும் காசு ஒதுக்குங்கள்.

புது சீலும் கசிந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஸ்டப் ஆக்சிலில் (ஹப் சுழலும் நிலையான குழாய்) சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த சீலும் நிற்காது. ஆக்சில் பிரீதர் (உள் காற்று வெளியேறும் சிறு துளை) சேற்றில் அடைபட்டிருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஒயிலை சீல் வழியாகத் தள்ளிவிடும். தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது சகஜம். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வேலையில் இறங்குமுன் முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சில்லில் இல்லை, ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சில்லைத் தூக்கினாலே அந்தப் பிடி போய்விடும், ஹாப் ஷாப்டை (டிப்ரன்ஷலிலிருந்து சில்லைச் சுற்றும் தண்டு) உருவினாலும் அப்படித்தான். சரிவில் நிற்கும் வண்டி அசையத் தொடங்கினால் கையால் தடுக்க முடியாது.

ட்ரம் வராவிட்டால் முதலில் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ட்ரம் ஓரத்தில் தேய்ந்து எழுந்த விளிம்பு ஷூவில் மாட்டியிருக்கும். தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பது நல்லது. பிளேஞ்சின் ஐந்து போல்ட்டையும் கழற்றி, ஷாப்டை உருவி, லொக் வாஷரை நிமிர்த்தினால் ஹப் நட் இரண்டும் தெரியும். அதற்கு 52 மி.மீ. சொக்கட் வேண்டும். உளியால் அடித்துத் திருப்பிய நட் அடுத்த முறை சரியாக இறுகாது.

புதுக் கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள், அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். கிறீஸை ரோலர்களுக்கு இடையில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, 0.05 முதல் 0.10 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். டயல் கேஜ் இல்லாத கராஜில் ஹப்பை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். லேசான அசைவு உணரலாம், 'டக்' என்று கேட்கக் கூடாது. இறுக்கி வைத்த பேரிங் நீலமாக வெந்து போகும். பிளேஞ்ச் போல்ட்டுக்கு 65 நியூட்டன் மீற்றர்.

ட்ரம்மை மூடுமுன் வீல் சிலிண்டர் றப்பரை விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதையும் மாற்றி, DOT 4 பிரேக் ஒயில் ஊற்றி, பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுங்கள். அட்ஜஸ்டரைச் சில்லு நிற்கும்வரை இறுக்கி, உரசாமல் சுற்றும்வரை தளர்த்தினால் போதும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்க நட்டையும் அட்ஜஸ்டரையும் மறுபடி திறக்க வேண்டியதுதான்.