ஸ்பிரிங் கருவியா, நாடிசுத்தியா: மூளைக்கு எது உதவும்?

மூச்சுத் தசையைப் பலப்படுத்தும் ஸ்பிரிங் கருவி ஞாபக சக்தியையும் கூட்டும் என்கிறார்கள் விற்பவர்கள். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம். மருந்துக்கடையில் மூச்சுப் பயிற்சிக் கருவி கேட்டால் பெரும்பாலும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைத்தான் எடுத்துத் தருவார்கள். உறிஞ்ச உறிஞ்ச 600, 900, 1200 என்று (நொடிக்கு இத்தனை மில்லி காற்று) குறித்த பந்துகள் எழும்பும். ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கத்தான் அது. தசைக்கு அதில் பெரிய வேலை கிடையாது, எனவே போட்டியிலிருந்து இப்போதே விலக்கிவிடலாம்.

மூச்சுத் தசைக்கென்றே வந்தவை பவர்பிரீத் போன்ற ஸ்பிரிங் வால்வு கருவிகள். ஸ்பிரிங்கை மீறி இழுத்தால்தான் வால்வு திறக்கும், இல்லாவிட்டால் துளிக் காற்றும் வராது. முதல் சில மூச்சு சுலபம். இருபதைத் தாண்டினால் கழுத்து நரம்பு புடைக்கும், வாயோரம் எச்சில் வழியும்.

பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 50 முதல் 79 வயது வரையிலான 36 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 30 மூச்சு, வாரத்தில் 6 நாள், மொத்தம் 6 வாரம். பயிற்சி செய்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. ஆனால் குறைந்தது அழுத்தம்தான். 'அப்படியானால் ஞாபக சக்தியும் கூடும்' என்பது விற்பவர்கள் போடும் தாவல். நீண்டகால உயர் அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அந்த ஆதாயம் கிடைத்தாலும் வருடக்கணக்கில்தான் தெரியும். வேகமாக ஓடும்போது களைத்த உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே உள்ள முக்கிய மூச்சுத் தசை) கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் ஓட்டக்காரருக்குக் கருவி பயன்படலாம். நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதுபவருக்கு உதரவிதானம் எங்கே களைக்கப்போகிறது?

நாடிசுத்தி தசையை வளர்க்காது. மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு மெதுவாக்கும், படபடப்பு உடனே அடங்கும். இன்னொன்று, அது மூக்கு வழி நடப்பது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், மூக்கால் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் பார்த்த பொருட்கள் சற்றே நன்றாக நினைவில் நின்றன. வாயால் இழுத்தபோது அந்த வித்தியாசம் இல்லை. ஸ்பிரிங் கருவியோ வாயில் வைத்து இழுப்பது! 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் தினம் 5 நிமிடம் நீண்ட பெருமூச்சு விட்டவர்களுக்குத் தியானம் செய்தவர்களைவிட மனநிலை நன்றாக இருந்தது. அதுவும் மனநிலைதான், புத்திக்கூர்மை அல்ல.

நேர்முகத் தேர்வு, பரீட்சை, ஆபீஸ் டென்ஷன் என்றால் என் ஓட்டு நாடிசுத்திக்கே, செலவும் இல்லை. ஐம்பதைத் தாண்டி பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக் கருவியை முயலலாம், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். நுரையீரலில் காற்றுக்கசிவு வந்தவர்களும் செவிப்பறை கிழிந்தவர்களும் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.