நாற்பது டாலர் உரிமம், கோடு போட்ட ஒரு வரி

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஒரு சிறிய ஊரின் டவுன் கிளார்க் அலுவலகத்தைப் பற்றி, அதாவது திருமண உரிமம் தரும் ஊர் எழுத்தர் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். மகள் அங்கேதான் குடியிருக்கிறாள். சென்ற செப்டம்பரில் அவளும், இப்போது என் மருமகளாகிவிட்ட பெண்ணும் அங்கே திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இதே வேலையாக அமெரிக்கா போகும் தமிழ்ப் பெற்றோர் யாருக்காவது இது உதவும் என்று நம்புகிறேன்.

நடைமுறை எளிது. இருவரும் அடையாளச் சான்றுகளோடு நேரில் போக வேண்டும். திருமண உரிமத்துக்குக் கட்டணம் 40 டாலர். நியூயார்க் நகரத்துக்குள் என்றால் 35. உரிமம் கையில் வந்து 24 மணி நேரம் கழித்துத்தான் திருமணம் நடத்தலாம், 60 நாளுக்குள் நடத்திவிடவும் வேண்டும். நடத்திவைத்தவர் கையெழுத்திட்ட தாளை ஐந்து நாளுக்குள் அலுவலகத்தில் சேர்ப்பார். சான்றிதழ் தபாலில் வரும். எங்களுக்கு ஒன்பதாம் நாள் வந்தது.

கவுண்ட்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிறு சிலுவை. என் நெற்றியில் வழக்கம்போல் திருநீறு. மகளும் மருமகளும் படிவத்தில் மணமகள் என்ற கட்டத்தையே ஆளுக்கொன்றாகக் குறித்துக் கொடுத்தார்கள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பெற்றோர் பெயருக்கு வந்தபோதுதான் கை நின்றது. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குக் குடும்பப் பெயர் ஏது? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னால் கணவரின் இனிஷியல், அவ்வளவுதான். அப்பாவின் பெயரை முழுதாக எழுதலாமா என்று அவரே வழி சொன்னார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, திரையை என் பக்கம் திருப்பினார். 'ழ' வரும் இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. சொன்னேன். அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அடித்தார்.

அந்தத் தாளில் எங்கும் மதம் என்ன என்ற கேள்வி வரவில்லை. அந்த அம்மாள் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், இப்படிப்பட்ட திருமணங்களைப் பற்றி அவர் மனதில் என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நேரவில்லை. இந்தச் சேவையில் நான் முதலில் பாராட்டுவது இதைத்தான். ஏனென்றால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2015 ஜூன் 26 அன்று ஒருபால் திருமணம் நாடு முழுவதும் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுண்ட்டியில் கிம் டேவிஸ் என்ற எழுத்தர் கடவுளின் ஆணை என்று சொல்லி உரிமம் தர மறுத்தார். நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சிறையிலும் இருந்தார். அவருடைய பக்தியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஊர் வரிப்பணத்தில் வாங்கியது.

நியூயார்க்கில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். 2011இல் மாநில செனட்டில் 33க்கு 29 என்ற வாக்கில் ஒருபால் திருமணச் சட்டம் நிறைவேறியபோது, எந்த மதகுருவையும் இத்தகைய திருமணத்தை நடத்திவைக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதியே வைத்தார்கள். கோயில் மறுக்கலாம், கவுண்ட்டர் மறுக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறவளான எனக்கு இந்த ஏற்பாடு முழு நியாயமாகப் படுகிறது.

மறுநாள் மாலை திருமணம். ஊர்க் கூட்டம் நடக்கும் அறையில், மடக்கு நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடத்தினார்கள். ஊர் நியமித்த திருமண அலுவலர் தாம் படிக்கப்போகும் தாளை முதலிலேயே எங்களிடம் நீட்டினார். மூன்றாவது வரி, 'இறைவன் திருமுன் கூடியிருக்கிறோம்' என்று தொடங்கியது. மகள் பேனா வாங்கி அதன் மேல் ஒரு கோடு போட்டாள்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் தினமும் விளக்கேற்றித் தேவாரம் ஓதாமல் காபி குடிக்காதவள். என் பெண்ணின் கல்யாணத்தில் கடவுளை அடித்துவிட்டார்களே என்று ஒரு கணம் தவித்தேன். பிறகு அந்த வரியை மறுபடியும் பார்த்தேன். மகளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மருமகள் யூதக் குடும்பத்தில் பிறந்தவள். நான் சைவம். அந்தத் தாளில் இருந்த இறைவன் எங்கள் மூவரில் யாருக்கும் உரியவர் அல்லர். அந்த மாநிலச் சட்டம் எந்தச் சடங்கையும் கேட்பதில்லை. நடத்திவைப்பவர் முன்னும் சாட்சி முன்னும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக வாய்விட்டுச் சொன்னால் போதும். அவர்கள் சொன்னார்கள். நான் உதடு அசையாமல் ஒரு பதிகத்தைத் தொடங்கியிருந்தேன். ஏழாவது பாட்டில் இருந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

என் பெற்றோர் 1958இல் புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி, ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில் மணந்தவர்கள். சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு ஐந்தாண்டு முன்பே சொல்லியிருந்தது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துதான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அப்போது எனக்கு ஆறு வயது. நாங்கள் முறையான பிள்ளைகள்தானா என்று பங்காளிகள் கேட்டதை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. அக்கினி இல்லை என்பதற்காக ஒரு கல்யாணத்தை அரசாங்கம் இல்லையென்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான், எங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்தை ஏற்பதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டபோது மகளிடம் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

குறைகளும் உண்டு. வாசலில் ஒன்பது படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மூட்டுவலிக்காரர்கள் பின்பக்கச் சாய்தளம் எங்கே என்று கேட்டுப் போக வேண்டும். கட்டணத்துக்கு வங்கி அட்டையை ஏற்கவில்லை, ரொக்கத்துக்காக மருமகள் வங்கிக்கு ஓடினாள். திருமண அலுவலர் வாரத்தில் இரண்டு மாலைதான் வருகிறார். எல்லாவற்றையும்விட, அந்த மூன்றாவது வரி. வேண்டுமென்று கேட்பவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கட்டும். அரசாங்கத் தாளில் தானாகவே அச்சாகியிருந்து, வேண்டாதவர் கோடு போட வேண்டும் என்பது சரியல்ல. எங்களைப் போல் முன்கூட்டியே தாளைப் பார்க்க வாய்க்காதவர்கள் இருப்பார்களே. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைந்த ஒன்று இதற்காகத்தான்.

போகிறவர்கள் தாய் தந்தை பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழில் என் அப்பாவின் பெயர் 'ழ'வோடு சரியாக வந்திருக்கிறது.